முகம் காட்டாத காட்சி

நீலக் கவுன் அவளுக்குப் பொருந்தியது.

முதுகுப் பக்கத்து ஜிப்பை மேலே இழுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோது அது உறைக்கவில்லை. கைப்பட்டியில் ஒரு நூல் தொங்கியது. பழக்கத்தில் அதை விரலில் சுற்றி அறுத்தாள். பிறகுதான் கை அப்படியே நின்றது. இந்தக் கவுனைத் தைத்ததே அவள்தான். போன வருடம் மகளை நிறுத்தி வைத்து அளவெடுத்து, இந்த அறையிலேயே வெட்டி, இந்த மெஷினிலேயே தைத்தது. மகள் ஒல்லி. இவளோ மெஷின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பும் முதுகும் பெருத்துப்போனவள். ஜிப் பாதியில் நின்றுவிடும், பின்னூசி குத்தித்தான் சமாளிக்க வேண்டும் என்று எண்ணி இரண்டு மூன்றை எடுத்து உதட்டில் கவ்வி வைத்திருந்தாள். அவை இன்னும் உதட்டில்தான் இருந்தன. நாக்கில் இரும்பு ருசி.

துணி எங்கேயும் இழுக்கவில்லை. அக்குளில் பிடிக்கவில்லை. மகள் அவளைவிட ஒரு சாண் உயரம், ஆனால் கவுனின் ஓரம் தரையில் புரளவில்லை. கணுக்காலுக்கு மேல் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது.

துவைக்கத் துவைக்கத் துணி விட்டுக்கொடுக்கும் என்று வாடிக்கைக்காரர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். இப்போது தனக்கே சொல்லிக்கொண்டாள். நீளம் எப்படிக் குறையும் என்பதற்கு மட்டும் அவளிடம் சமாதானம் இல்லை.

"ஆன்ட்டி, வெளிச்சம் போயிடும்" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

மகளோடு கல்லூரியில் படம் எடுக்கப் படித்தவர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். கேமரா பிடிக்கிறவன் நெடுநெடுவென்று வளர்ந்தவன், கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பான். மகள் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்திருந்தாள். ஒலிப்பதிவு செய்கிற பெண் குள்ளம். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அவள் எறும்பு. இந்த இரண்டு பேரும் மகளைக் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். மூன்று பேருமாக இந்த வீட்டில்தான் படம் எடுத்தார்கள். முழுப் படம் இல்லை. ஒரு திகில் படத்தின் ஆரம்பம் மட்டும், இரண்டே நிமிடம். அதுதான் அவர்களுக்குக் கொடுத்த பாடம். இந்த மாதிரிப் படங்களில் வழக்கமாக வருவதில் எதை எடுத்துக்கொண்டோம், எதை உடைத்தோம் என்று விளக்கமும் எழுத வேண்டும்.

மகள் அதை எழுதிய நாட்களில் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு வாசித்துக் காட்டுவாள். அம்மா தைத்துக்கொண்டே கேட்பாள்.

"பேய்ப் படம்னா ராத்திரிதானே வரணும்?"

"எல்லாப் பேய்க்கும் ராத்திரி டியூட்டியாம்மா? பகல் ஷிப்ட்ல ஒண்ணு ரெண்டு இருக்காதா?"

"கரண்டு போகுமா?"

"போகாது. பில் கட்டியாச்சு. கதவு கிறீச்சுன்னு கத்தாது, எண்ணெய் விட்டிருக்கோம். மியூசிக் கிடையாது. யாரும் அலற மாட்டாங்க."

"அப்ப எதைப் பார்த்துடி பயப்படுவாங்க?"

"ஒருத்தி காலேஜ் விட்டு வர்றா. வீட்ல யாரும் இல்ல. அடுக்களையில போய் பாட்டில்ல தண்ணி பிடிக்கிறா. முதுகு மட்டும்தான் தெரியுது. பின்னாடி யாரோ வந்து நிக்கிறாங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சிடுச்சு. ஆனா திரும்ப மாட்டேங்கிறா. அவ்வளவுதான்."

"கூறுகெட்டவளா அவ? பின்னாடி ஆள் நின்னா திரும்பாம எப்படி இருப்பா?"

"அதான்மா விஷயம். அவ திரும்பல. நீதான் இப்ப திரும்பிப் பார்க்கிற."

உண்மையாகவே திரும்பிப் பார்த்திருந்தாள். மகள் தரையில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் தானும் சிரித்து, தையல் கோணிப்போய்ப் பிரித்துத் தைத்தாள்.

அதற்குப் பிறகு சில வாரங்கள்தான். கல்லூரிக்குப் போகும் வழியில், ஒரு திருப்பத்தில், மகளின் ஸ்கூட்டர் லாரிக்கு அடியில் போனது.

ஆஸ்பத்திரியில் பெற்றவளை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்கள். மகளின் அப்பா மட்டும் உள்ளே போனார். பொட்டலங்களை வேனில் ஏற்றி வீடு வீடாகக் கொடுக்கிறவர், எதற்கும் அசராதவர், வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு "முகத்தைப் பார்க்காதே" என்றார். "நான் சொல்றதைக் கேளு. பார்க்காதே." உடல் வீட்டுக்கு வந்தபோது வெள்ளைத் துணியைத் தலையோடு சேர்த்து மூடித் தைத்திருந்தார்கள். அவளுக்குக் கால்களை மட்டும் காட்டினார்கள். கால்களைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சுவரில் மகளின் போட்டோ தொங்குகிறது. ஆனால் கண்ணை மூடினால் போட்டோ வருவதில்லை. மெஷின் ஓட்டும்போதும் சோறு வடிக்கும்போதும் மகளை நினைத்தால் கவுன் வருகிறது, பின்னல் வருகிறது, கழுத்து வருகிறது, அதற்கு மேலே வெள்ளைத் துணி வந்துவிடுகிறது. கணவரிடம் ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். எப்படி இருந்தாள், அதையாவது சொல்லுங்கள் என்று. அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். இப்போதெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். இன்றைக்கும் பிள்ளைகள் வருகிறார்கள் என்றதும் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிள்ளைகளை அவள்தான் வரச் சொன்னாள். அந்த இரண்டு நிமிடத்தில் கடைசிக் காட்சி ஒன்றுதான் பாக்கி, கேப்டன் பெயரில் முடித்துக் கொடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். முதுகுதானே தெரியப்போகிறது, நான் நிற்கிறேன் என்றாள். பதிலுக்கு ஒன்று கேட்டாள். எடுத்ததை எல்லாம் எனக்குப் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்று தள்ளியதையும் காட்டுங்கள்.

மத்தியானம் முழுவதும் ஒட்டகத்தின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். மகள் படி ஏறினாள், செருப்பை உதறினாள், பையை மாட்டினாள், ஹாலைக் கடந்தாள். எல்லாம் முதுகு. எடுத்து முடித்த பிறகாவது சிரித்துக்கொண்டே திரும்புவாள் என்று ஒவ்வொன்றையும் கடைசிவரை விடச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் மகள் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு பக்கவாட்டில் நழுவிப் போனாள்.

"ஒரு இடத்துலகூடவா இல்ல?"

"இல்ல ஆன்ட்டி" என்றான் ஒட்டகம். "கேமரா ஓடுறப்ப முகம் வரக்கூடாதுன்னு ஒரே பிடிவாதம். ஒரு தடவை பதிஞ்சிட்டா அதைப் படத்துல சேர்க்கணும்னு நமக்கே ஆசை வந்துடும்னு சொல்லுவா."

எறும்பு குனிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் கவுனோடு அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியின் முன்னால் நின்றாள். எறும்பு வந்து அவள் தலைமுடியைப் பிரித்து மகளைப்போல் ஒற்றைப் பின்னலாகப் பின்னிவிட்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன. ஒட்டகம் ஹாலில் கேமராவை நிறுத்தி, அடுக்களை வாசல் வழியே பார்த்தான்.

"குழாயைத் திறங்க. பாட்டிலைப் பிடிங்க. நிறைஞ்சதும் மூடிட்டு அப்படியே நில்லுங்க. நான் கட் சொல்ற வரைக்கும் திரும்பாதீங்க. வேற ஒண்ணும் இல்ல."

"நடிக்கல்லாம் தெரியாதுப்பா எனக்கு."

"நடிச்சாத்தான் ஆன்ட்டி கேப்டனுக்குக் கோபம் வரும்."

ஜன்னல் வழியே சாயங்கால வெயில் சாய்ந்து வந்து பாத்திர அலமாரி, அடுப்பு மேடை, சுவரில் தொங்கிய கரண்டிகள் எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி விழுந்திருந்தது. நிழல் ஒதுங்க ஒரு மூலைகூட இல்லாத அந்த வெளிச்சத்தில் சோப்பு வாசனையும், வெயிலில் காய்ந்த துடைக்கும் துணியின் வாசனையும், அவற்றுக்கு அடியில் கவுனிலிருந்து மகளின் வியர்வை வாசனை லேசாகவும் எழுந்தன. அலசி அலசி மடித்து வைத்த துணி அது. குழாயைத் திறந்தாள். வெறும் பாட்டிலின் அடியில் தண்ணீர் கனமாக விழுந்தது, சத்தம் மெல்ல மெல்ல மெலிந்து மேலே ஏறியது, கழுத்துக்கு வந்ததும் விசில்போல் ஒலித்தது. குழாயை மூடினாள். நின்றாள்.

அப்போது பின்னால் யாரோ அடுக்களைக்குள் வந்தார்கள்.

காலடிச் சத்தம் இல்லை. இரண்டு பேர் நின்றால் ஒரு சின்ன அறையில் காற்று எப்படி நெருங்கிவருமோ அப்படி நெருங்கியது. எறும்புதான் மைக்கைக் கிட்டே கொண்டுவருகிறாள் என்று நினைத்தாள்.

"கட்."

திரும்பினாள். எறும்பு ஹாலில், சோபாவுக்குப் பின்னால், இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"நல்லா வந்துச்சு ஆன்ட்டி. கடைசியில கொஞ்சம் திரும்பிட்டீங்க, அதான். இன்னொண்ணு போயிடலாம்."

"நான் திரும்பலையேப்பா."

"லேசா. பாருங்க."

கேமராவின் சின்னத் திரையில் அடுக்களை தெரிந்தது. வெயில். தொட்டி. நீலக் கவுன். அதற்குள் இருந்தது அவளுடைய முதுகு அல்ல. தோள் குறுகலாக இருந்தது. தலை பாத்திர அலமாரியின் இரண்டாம் தட்டுவரை எட்டியது. அவள் தலை அத்தனை உயரத்துக்கு எட்டாது. குழாய் மூடியது. முதுகு நின்றது. பிறகு, கட் என்ற குரலுக்கு முன்னால், தலை மெல்ல இடப்பக்கம் அசைந்தது. ஒரு காது தெரிந்தது. காதுக்குக் கீழே தாடையின் ஓரம்.

அந்தக் காதைக் குத்தியபோது அவள்தான் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் அந்தக் காதின் மேல் விரலை வைத்தாள். பயமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பயம்தான். ஆனால் பயத்துக்கு முன்னால் வேறொன்று முந்திக்கொண்டு வந்தது, தாய்ப்பால் கட்டிய நாட்களில் மார்பில் வருமே, அந்த மாதிரி ஒரு வலி.

"இன்னொண்ணு எடுப்பா" என்றாள்.

இரண்டாவது முறை தொட்டியின் விளிம்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கழுத்தை விறைப்பாக வைத்தாள். எதிரே சுவரில் பதித்த டைலில் ஒரு கீறல் இருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்னால் மறுபடியும் காற்று நெருங்கியது. கவுனின் முதுகில் ஜிப் தானாக இறங்குவதுபோலவும் ஏறுவதுபோலவும் ஒரு நெளிவு. பல்லைக் கடித்தாள். அசையவில்லை.

"கட்."

திரையில் தலை இன்னும் கொஞ்சம் திரும்பியது. காது. தாடை. கன்னத்தின் வளைவு. மூக்கின் நுனி வரவேண்டிய இடத்துக்கு முன்னால் காட்சி நின்றது.

"ஆன்ட்டி" என்று ஒட்டகம் சிரிக்கப் பார்த்தான். "திரும்பக் கூடாதுன்னுதானே சொன்னேன்."

"அவங்க திரும்பல" என்றாள் எறும்பு.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் கண்ணெடுக்காம பார்த்துட்டு இருந்தேன். அவங்க தலை அசையவே இல்ல." ஹெட்போனைக் கழுத்தில் இறக்கியிருந்தாள். "தண்ணிச் சத்தமும் சரியில்ல. முதல் தடவை பாட்டில் நிறைய நிறைய மேல ஏறுச்சு. இந்தத் தடவை ஏறவே இல்ல. நிறையாத பாத்திரத்துல விழுற மாதிரி விழுந்துட்டே இருந்துச்சு."

ஒட்டகம் திரையை மறுபடி ஓட்டினான். அப்போதுதான் உயரத்தைப் பார்த்தான்போல. நீட்டியிருந்த கழுத்து உள்ளே போனது. "லென்ஸ்ல ஏதாவது..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. "பேக் பண்ணிடலாம்" என்றான்.

"இன்னொரு தடவை" என்றாள் அவள்.

"ஆன்ட்டி, வேண்டாம்."

"இன்னும் ஒரே ஒரு தடவை. அவ திரும்பிட்டு வர்றாப்பா. பாதி வந்துட்டா."

எறும்பு சோபாவைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தாள். பிடித்ததும் திடுக்கிட்டுக் கீழே பார்த்தாள், ஆனால் விடவில்லை.

"நான் பார்த்தேன் ஆன்ட்டி" என்றாள். "அன்னிக்கு அவ பின்னாடியே வேற வண்டியில வந்தது நான்தான். துணி போட்டு மூடுறதுக்கு முன்னாடி நான் பார்த்தேன். இன்னிவரைக்கும் எங்க அம்மாகிட்டகூடச் சொல்லல. நீங்க பார்க்காதீங்க. அவளே வேண்டாம்னுதானே முகத்தை மறைச்சுட்டுப் போனா."

"அது படத்துக்காக."

"எதுக்காகவோ. பார்க்காதீங்க ஆன்ட்டி. போட்டோ இருக்குல்ல. அது போதும்."

அவள் அந்தப் பெண்ணின் தலையைத் தடவிக்கொடுத்தாள். இத்தனை நாள் இந்தச் சின்ன உடம்புக்குள் எதைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள் என்று நினைக்கப் பாவமாக இருந்தது. அதோடு பொறாமையாகவும் இருந்தது. இவள் பார்த்திருக்கிறாள். அவர் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் துணி தைத்த யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார். பெற்றவள் மட்டும் பார்க்கவில்லை.

"எப்படி இருந்தாலும் என் பொண்ணுதானேம்மா" என்றாள்.

எறும்பு கையை விட்டாள். ஒட்டகம் கேமராவை நிறுத்தப் போனவன், அவள் தொட்டியின் முன்னால் போய் நின்றதைப் பார்த்து, விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அவன் தொடாமலே பதிவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

குழாயைத் திறந்தாள்.

தண்ணீர் விழுந்தது. பாட்டிலுக்குள் கனமாக, அடியில், ஒரே சீராக. ஏறவில்லை. கையில் பாட்டில் கனக்கவும் இல்லை. வெயில் அப்படியே இருந்தது, ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள், எங்கோ ஒரு கதவு சாதாரணமாகச் சாத்திக்கொண்டது. பாட்டிலைப் பிடித்த தன் கையைப் பார்த்தாள். ஆட்காட்டி விரலில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன இடம் இல்லை. புடைத்த நரம்பு இல்லை. வழவழப்பான, நீள விரல்கள். நகத்தில் பாதி உரிந்த பாலிஷ்.

குழாயை மூடினாள்.

சத்தம் இல்லை.

பின்னால் காற்று நெருங்கவில்லை. யாரும் வரவில்லை. வர வேண்டியவள் வந்தாயிற்று. இங்கேதான். கவுனுக்குள்.

கழுத்து கனத்தது. முடி ஈரமாக இருந்தது. பின்னலின் நுனியிலிருந்து எதுவோ முதுகில் சொட்டியது. குளித்த தண்ணீர் இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

கட் என்று யாரும் சொல்லவில்லை.

இருந்துவிடலாம். இப்படியே நின்றால் காட்சி சரியாக முடியும். மகள் எழுதியது அப்படித்தான். திரும்பாதவள். திரும்பாமல் நின்றால் ஒட்டகம் கேமராவை மூடுவான், எறும்பு வயரைச் சுற்றுவாள், கவுனைக் கழற்றி மடித்து வைக்கலாம், அவர் வந்ததும் சோறு போடலாம். மகள் கவுனும் பின்னலும் வெள்ளைத் துணியுமாகவே இருந்துவிடுவாள்.

அவள் திரும்பினாள்.

ஹாலில் கேமரா இருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள். வேறு யாரும் இல்லை.

ஒட்டகம் திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். ஒரு அடி பின்னால் வைத்தான். சுவர் இடித்தது. அதற்கு மேல் போக இடம் இல்லாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தான். எறும்பு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"கேப்டன்" என்றாள், விரல்களுக்குள்ளேயே. "கேப்டன், போயிடு. ஆன்ட்டியை விட்டுடு."

திரும்பி நின்றவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மகளின் முகம் அவளுடைய முகம் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. அதனால் இந்த உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் அது தெரியவில்லை.

"எப்படி இருக்கா?" என்று கேட்டாள். வாய் சரியாக மூடவில்லை. சொல் ஒழுகியது. "யாராவது சொல்லுங்கப்பா. எப்படி இருக்கா?"

யாரும் சொல்லவில்லை.

கையைத் தூக்கினாள். நெற்றியில் ஆரம்பித்தாள். காய்ச்சல் வந்த இரவுகளில் தொட்டுப் பார்த்த நெற்றி, அதே மேடு, அதே சூடு. இடது புருவம். மூடிய இமை. இமை முடி, பிறந்த அன்றைக்கே எல்லாரும் குழந்தையை எடுத்துப் பார்த்துச் சொன்ன நீள முடி. மூக்கின் மேல் எலும்பு. அதற்குக் கீழே எலும்பு இல்லை. விரல் வலப்பக்கம் போனது. கன்னம் இருக்க வேண்டிய இடம். அங்கே விரல் நிற்க எதுவும் இல்லை. உள்ளே போனது. ஈரம். ஒரு பல்லின் அடி. அதற்கும் உள்ளே.

அவள் கையை எடுக்கவில்லை. வெயில் நிறைந்த அடுக்களையில் நின்றுகொண்டு, தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடாமல் முகம் துடைக்கிறவளைப்போல, ஒவ்வொரு இடமாக, அவசரமே இல்லாமல், தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.